குட்டித் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா?

1986ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் தேதி. அமெரிக்காவில் உள்ள மியாமி நகரம். காலை நேரம்.

பாங்கிக் கொள்ளைக்காரர்கள் இருவர் ஒரு காரில் போய்க்கொண்டிருந்தார்கள். எப்.பி.ஐ. என்ற மத்தியத் துப்பறியும் இலாகா அதிகாரிகள் அந்தக் காரைக் கண்டுவிட்டார்கள். விரட்டினார்கள். தங்கள் கார்களால் மோதி, அந்தக் காரை மடக்கினார்கள்.

மோதிய வேகத்தில் ஓர் அதிகாரியின் பெரிய ரிவால்வர் எங்கோ போய் விழுந்தது. தேட நேரம் இல்லை. கைவசம் வைத்திருந்த இன்னொரு ரிவால்வரை அவர் எடுத்தார். அது குட்டை ரிவால்வர். கோட்டுப் பைக்குள் அடங்கிவிடும். அதில் ஐந்தே ஐந்து தோட்டாக்கள்!

ஐந்தும் தீர்ந்தன. அவர் மீண்டும் தோட்டா நிரப்பத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து, எதிரியின் குண்டு அவர் கையைத் துளைத்தது.

சண்டை ஐந்து நிமிடம்கூட நடக்கவில்லை. எட்டு அதிகாரிகளில் இருவர் மாண்டனர். ஐவர் காயம் அடைந்தனர். கொள்ளைக்காரர்கள் இருவரும் செத்தார்கள். குட்டை ரிவால்வர் வைத்திருந்த அந்த அதிகாரி படுகாயத்துடன் உயிர் தப்பினார்.

எப்.பி.ஐ. தலைவர்களைத் திகைக்க வைத்த செய்தி இன்னொன்று. கொள்ளைக்காரர்களில் ஒருவன் மீது தொடக்கத்திலேயே ஒரு பிஸ்டல் குண்டு பாய்ந்தது. அது கையைத் துளைத்து மார்புக்குள் போயிற்று. ஆனால் இதயத்தை எட்டும் முன்பே நின்றுவிட்டது! அதற்குப் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான்.

"துப்பாக்கி இருந்தால் மட்டும் போதுமா? அதில் போடும் தோட்டா எது? அதை எப்படி நிரப்புவது?" என்ற கேள்வி அன்று பெரிதாக எழுந்தது.

குட்டை மூக்கு

ரிவால்வர் என்பது சுழல் துப்பாக்கி. அதன் நடுவே ஓர் உருளை இருக்கும். உருளையில் ஐந்து அல்லது ஆறு துளைகள். துளைக்கு ஒரு தோட்டா. விசையை அழுத்தினால் உருளை சுழலும். அடுத்த தோட்டா குழலுக்கு நேராக வந்து நிற்கும்.

இந்தச் சுழல் துப்பாக்கிக்கு 1836ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் சாமுவேல் கோல்ட்.

முதலில் ரிவால்வரின் குழல் நீளமாக இருந்தது. சாதாரண உடையில் திரியும் துப்பறிவாளர்களுக்கு அது தொல்லை. கோட்டுக்குள் மறையாது. ஆகவே 1927ஆம் ஆண்டு கோல்ட் கம்பெனி "டிடெக்டிவ் ஸ்பெஷல்" என்ற ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குழல் இரண்டே அங்குலம். ஆறு தோட்டா பிடிக்கும். மூக்கை நறுக்கியது போல் இருந்ததால், "குட்டை மூக்கு" என்று மக்கள் பெயர் வைத்தார்கள்.

1950ஆம் ஆண்டு ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி இதைவிடச் சிறியது ஒன்றைச் செய்தது. ஐந்து தோட்டா. அதைப் போலீஸ் தலைவர்களின் மாநாட்டில் காட்டினார்கள். பெயர் வைத்ததும் அவர்கள்தான். "சீப்ஸ் ஸ்பெஷல்", அதாவது "தலைவர்களின் ஸ்பெஷல்"! மியாமியில் அதிகாரியின் கையில் இருந்தது இந்த ரகம்தான்.

குட்டை மூக்கு நல்லவர் கையில் மட்டும் இருக்கவில்லை. 1963ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் தேதி டல்லஸ் நகரில், ஜனாதிபதி கென்னடியைக் கொன்றதாகப் பிடிபட்ட ஆஸ்வால்டை, ஜாக் ரூபி என்பவன் சுட்டுக் கொன்றான். போலீசார் சூழ்ந்து நிற்க, டெலிவிஷனில் பலர் பார்த்துக்கொண்டிருக்க, இது நடந்தது. அவன் மறைத்து எடுத்து வந்ததும் ஒரு குட்டை மூக்கு ரிவால்வரே!

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

தோட்டா வேறு, குண்டு வேறு. பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள்.

தோட்டாவில் நான்கு பொருள்கள் உண்டு. ஒன்று, பித்தளைக் கூடு. இரண்டு, கூட்டின் அடியில் பொருத்திய கேப்பு. தீபாவளிக்குச் சிறுவர்கள் வெடிக்கும் கேப்பைப் போலத்தான். அடித்தால் தீப்பொறி வரும். மூன்று, கூட்டுக்குள் இருக்கும் வெடிமருந்து. நான்கு, கூட்டின் வாயில் செருகிய ஈயக் குண்டு.

சுத்தி கேப்பை அடிக்கிறது. கேப்பு மருந்தைப் பற்றவைக்கிறது. மருந்து எரிந்து வாயு ஆகிறது. வாயு குண்டைத் தள்ளுகிறது. குண்டு பறக்கிறது. கூடு துப்பாக்கியிலேயே தங்கிவிடுகிறது.

குட்டை ரிவால்வர்களுக்கு மிகவும் பழக்கமான தோட்டா ".38 ஸ்பெஷல்". இதை ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி 1898ஆம் ஆண்டு உருவாக்கியது. பெயரில் .38 இருக்கிறது. ஆனால் குண்டின் குறுக்களவு .38 அங்குலம் இல்லை, ஏறக்குறைய.357 அங்குலம்தான்! பழைய காலத்து அளவின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இந்தத் தோட்டாவின் வழக்கமான குண்டு 158 கிரெயின் எடை. நம் கணக்கில் சுமார் 10 கிராம். அதாவது ஒன்றேகால் பவுன் தங்கத்தின் எடை.

குழல் குறைந்தால் வேகம் குறையும்

குழல் எதற்கு? குண்டு நேராகப் போவதற்கு மட்டும் அல்ல. குண்டு குழலுக்குள் இருக்கும் வரைதான் வாயு அதை முழு பலத்துடன் தள்ள முடியும். குண்டு வெளியே வந்துவிட்டால் தள்ளுவது நின்றுவிடும்.

இரண்டு அங்குலக் குழலில் என்ன நடக்கிறது? மருந்து முழுப் பயனையும் தருவதற்குள் குண்டு வெளியேறிவிடுகிறது. மிச்சப் பலம் தீச்சுடராகவும் பேரொலியாகவும் வீணாகிறது. நான்கு அங்குலக் குழலில் விநாடிக்கு சுமார் 750 அடி வேகத்தில் போகும் குண்டு, குட்டைக் குழலில் அதைவிட மெதுவாகப் போகும். 50 அடி, 100 அடி என்று வேகம் குறையும். சில தோட்டாக்களில் இன்னும் அதிகமாகக் குறையும்.

"குறைந்தால் குறையட்டுமே!" என்று விட முடியாது. குழி மூக்குக் குண்டு என்று ஒன்று உண்டு. அதன் நுனியில் சிறு குழி இருக்கும். உடலில் பட்டதும் அது பூப்போல் விரியும். விரிந்தால் எதிரி சீக்கிரம் விழுவான். குண்டு அவன் உடலைத் துளைத்துக்கொண்டு பின்னால் நிற்கும் வேறு ஆளைத் தாக்காது. ஆனால் விரிவதற்கு வேகம் வேண்டும். வேகம் போதாவிட்டால் விரியாது. தடித்த துணியின் நூல் குழிக்குள் அடைத்துக்கொண்டாலும் விரியாது.

நீளக் குழலில் நன்றாக வேலை செய்யும் தோட்டா, குட்டைக் குழலில் ஏமாற்றிவிடலாம். குட்டை ரிவால்வருக்குத் தோட்டா தேடுவோர் முதலில் அறிய வேண்டியது இதைத்தான்.

இதற்கு அமெரிக்கப் போலீசார் கண்ட வழி என்ன? 1970களில் எப்.பி.ஐ. மிருதுவான ஈயக் குண்டைத் தேர்ந்தெடுத்தது. 158 கிரெயின் எடை, நுனியில் குழி, மேலே செம்பு உறை கிடையாது. ஈயம் மிருது அல்லவா? குறைந்த வேகத்திலும் விரிய வாய்ப்பு அதிகம். மருந்தும் சற்றுக் கூடுதல். "எப்.பி.ஐ. தோட்டா" என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. பிற்காலத்தில் குட்டைக் குழலுக்கென்றே குழி மூக்குக் குண்டுகளைச் செய்து விற்கவும் கம்பெனிகள் முன்வந்தன.

ஜெல்லியைச் சுடுகிறார்கள்!

எந்தக் குண்டு எவ்வளவு ஆழம் போகும்? மனிதனைச் சுட்டுப் பார்க்க முடியுமா? முடியாது. ஆகவே ஜெல்லியைச் சுடுகிறார்கள்!

பிராணிகளின் தோல், எலும்பு ஆகியவற்றில் இருந்து எடுக்கும் ஜெலட்டினை நீரில் கரைத்து, பெரிய கட்டியாக உறைய வைப்பார்கள். பத்தில் ஒரு பங்கு ஜெலட்டின், மற்றது நீர். குண்டை எதிர்ப்பதில் அது சதையைப் போலவே இருக்கும்.

மியாமி சண்டைக்குப் பிறகு எப்.பி.ஐ. இந்தச் சோதனைக்குத் திட்டமான முறை வகுத்தது. வெறும் ஜெல்லியைச் சுடுவது ஒன்று. தடித்த துணி போர்த்திச் சுடுவது ஒன்று. பலகை, தகரம், கார்க் கண்ணாடி ஆகியவற்றை முன்னால் வைத்துச் சுடுவதும் உண்டு.

குண்டு குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும். 18 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. குறைந்தால், மியாமியில் நடந்ததுபோல் இதயத்துக்கு முன்பே நின்றுவிடும். கூடினால், ஒரு பாவமும் அறியாத வழிப்போக்கர் மீது பாயும்.

பலம் கூடினால் ஆபத்தும் கூடும்

"அப்படியானால் மருந்தைக் கூட்டிவிட்டால் போகிறது!" என்று சிலர் சொல்லக்கூடும். அங்கேதான் ஆபத்து.

கார் டயரில் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 பவுண்டு. சாதாரண .38 ஸ்பெஷல் தோட்டா வெடிக்கும்போது 17 ஆயிரம் பவுண்டு வரை அழுத்தம் உண்டாகலாம் என்பது அமெரிக்கத் தொழில் துறை வகுத்த அளவு. கூடுதல் பலம் உள்ள "பிளஸ் பி" தோட்டாவுக்கு 20 ஆயிரம் பவுண்டு. .357 மேக்னம் தோட்டாவுக்கோ 35 ஆயிரம் பவுண்டு!

.357 மேக்னம், .38 ஸ்பெஷல் இரண்டின் குண்டும் ஒரே பருமன். மாறிப் போட்டுவிட்டால்? ஆகவே 1930களில் மேக்னம் தோட்டாவைச் செய்தவர்கள் அதன் கூட்டை வேண்டும் என்றே சற்று நீளமாக்கினார்கள். .38 ரிவால்வரின் உருளைக்குள் அது முழுவதும் நுழையாது. கவனக்குறைவான மனிதனிடம் இருந்து மனிதனைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு அது!

எடை குறைந்த ரிவால்வர் செய்யப் போய் அமெரிக்க விமானப்படை பாடம் கற்ற கதையும் உண்டு. 1950களின் தொடக்கத்தில் விமானிகளுக்கென்று அலுமினிய ரிவால்வர்கள் செய்யச் சொன்னார்கள். சட்டம் மட்டும் அல்ல, தோட்டா வெடிக்கும் உருளையும் அலுமினியம்! சாதாரணத் தோட்டாவை அது தாங்கவில்லை. அதற்காகப் பலம் குறைந்த தனித் தோட்டாவே செய்தார்கள். அப்படியும் பயன் இல்லை. 1959ஆம் ஆண்டு அந்த ரிவால்வர்களைத் திரும்ப வாங்கி, பெரும்பாலானவற்றை அழித்துவிட்டார்கள்.

இன்றைய இலேசான ரிவால்வர்களில் உருளையை உறுதியான உலோகத்தில் செய்கிறார்கள். அவை வெடிக்காமல் தாங்கும். ஆனால் சுடுபவர் கை தாங்குமா? துப்பாக்கி இலேசாக இருந்தால் உதைப்பு பலமாக இருக்கும். அந்த உதைப்பில், இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டு கூட்டில் இருந்து முன்னே நழுவும். நழுவிய குண்டு உருளையைச் சுழல விடாமல் தடுத்துவிடும். ஆபத்து வேளையில் துப்பாக்கி வெறும் இரும்பாகிவிடும்!

ஆகவே அனுபவசாலிகள் சொல்லும் யோசனை இதுதான்: துப்பாக்கியுடன் வரும் புத்தகத்தில் எந்தத் தோட்டா அனுமதியோ, அதை மட்டும் போட வேண்டும். அதிலும் கை தாங்கும் தோட்டாவே நல்ல தோட்டா. உதைப்புக்கு அஞ்சிக் குறி தவறுவதைவிட, மென்மையான தோட்டாவால் குறி தவறாமல் சுடுவது மேல்.

பயிற்சியில் ஒன்று, பணியில் ஒன்று

1970ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், கலிபோர்னியாவில் நியூஹால் என்ற இடத்தில் இன்னொரு கொடுமை நடந்தது. நள்ளிரவை ஒட்டிய நேரம். இரண்டு குற்றவாளிகளை நெடுஞ்சாலைப் போலீசார் தடுத்து நிறுத்தினார்கள். சில நிமிடங்களில் நான்கு போலீசார் பிணமானார்கள். காலியான ரிவால்வரில் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்த ஓர் இளம் போலீஸ்காரரும் அவர்களில் ஒருவர்.

அந்தப் போலீசார் பயிற்சியின்போது சுட்டது .38 ஸ்பெஷல். பணியின்போது சிலர் வைத்திருந்தது .357 மேக்னம். பழகியது ஒன்று, உயிர் போகும் நேரத்தில் கையில் இருந்தது வேறொன்று!

அதற்குப் பிறகு பயிற்சி முறை மாறியது. வேக நிரப்பியும் பழக்கத்துக்கு வந்தது. அது ஒரு வட்டக் குமிழ். எல்லாத் தோட்டாக்களையும் அது வட்டமாகப் பிடித்திருக்கும். உருளையில் வைத்துத் திருகினால் அல்லது தள்ளினால், அத்தனையும் ஒரே தடவையில் விழும்.

குட்டை மூக்கு ரிவால்வரில் இங்கேயும் ஒரு சிக்கல். காலிக் கூடுகளைத் தள்ளும் கம்பி குழலின் அடியில் இருக்கிறது. குழல் குட்டை; ஆகவே கம்பியும் குட்டை. கூடுகளை அது முழுவதும் வெளியே தள்ளாது. குழலை வானம் பார்க்கப் பிடித்துக் கம்பியைச் சட்டென்று அடித்தால்தான் கூடுகள் கீழே விழும். மெதுவாகத் தள்ளினால் ஒரு கூடு உள்ளே மாட்டிக்கொள்ளும்.

வீட்டுத் தோட்டா

சுட்ட பிறகு பித்தளைக் கூட்டை எறிந்துவிடுகிறார்களா? இல்லை. தோட்டாவில் விலை உயர்ந்த பாகம் அதுதான். அமெரிக்காவில் பலர் அதை எடுத்துவைத்து, வீட்டிலேயே மீண்டும் நிரப்புகிறார்கள். பல போலீஸ் நிலையங்களும் பயிற்சித் தோட்டாக்களை இப்படிச் செய்தது உண்டு. பணம் மிச்சம். பயிற்சிக்கு வேண்டிய மென்மையான தோட்டாவும் கிடைக்கும்.

வேலை எளிதாகத் தோன்றும். கூட்டைத் துடைக்கிறார்கள். அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். பழைய கேப்பைத் தள்ளிவிட்டுப் புதியதைப் பொருத்துகிறார்கள். மருந்தை அளந்து போடுகிறார்கள். குண்டைச் செருகி, கூட்டின் வாயை இறுக்குகிறார்கள். முடிந்தது!

ஆனால் .38 ஸ்பெஷல் கூட்டில் ஒரு கண்ணி மறைந்திருக்கிறது. அது கரிமருந்துக் காலத்தில் பிறந்த கூடு. கரிமருந்து நிறைய இடம் பிடிக்கும். ஆகவே கூட்டைப் பெரிதாகச் செய்தார்கள். இன்று போடுவது புகையில்லா மருந்து. அது மிகக் கொஞ்சமே போதும். கூட்டில் பெரும்பகுதி வெற்றிடம்!

மருந்து போட்ட கூட்டில் மறதியாக இன்னொரு முறை போட்டுவிட்டால்? பொங்கி வழியாது. வெளியே தெரியாது. மேலே குண்டைச் செருகிவிட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சுடும்போதுதான் தெரியும். உருளை பிளந்து, கையும் கண்ணும் போகலாம்.

மருந்தே போட மறந்துவிட்டால்? அதுவும் ஆபத்து. கேப்பின் பலம் மட்டும் குண்டைக் கொஞ்ச தூரம் தள்ளும். குண்டு குழலுக்குள் சிக்கி நின்றுவிடும். "டுமீல்" என்பதற்குப் பதில் "டப்" என்று சின்னச் சத்தம் கேட்கும். அதைப் பொருட்படுத்தாமல் மறுபடி சுட்டால், பின்னால் வரும் குண்டு முன்னால் நிற்கும் குண்டில் மோதும். குழல் வெடிக்கும்.

நடிகரின் உயிரைக் குடித்த தோட்டா

குழலில் சிக்கிய குண்டு ஒரு நடிகரின் உயிரையே வாங்கியது. கராத்தே வீரர் என்று நம் ஊர்ப் பிள்ளைகளும் கொண்டாடும் புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ. வயது 28. 1993ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவில் "தி குரோ" என்ற படத்தில் நடித்துக்கொண்டிருந்தார்.

படத்தில் ரிவால்வரை அருகில் காட்ட வேண்டியிருந்தது. அதற்காக நிஜத் தோட்டாக்களைப் பிரித்தார்கள். மருந்தைக் கொட்டிவிட்டு, குண்டை மீண்டும் செருகினார்கள். பொய்த் தோட்டா தயார். ஆனால் கேப்பை எடுக்கவில்லை! அப்படிப்பட்ட தோட்டா ஒன்றின் கேப்பு வெடித்து, குண்டு குழலுக்குள் போய்ச் சிக்கியது. யாரும் பார்க்கவில்லை.

பிறகு அதே ரிவால்வரில், குண்டு இல்லாத வெற்றுத் தோட்டா போட்டு, லீயைச் சுடும் காட்சியை எடுத்தார்கள். வெற்றுத் தோட்டாவிலும் மருந்து உண்டு அல்லவா? அது சிக்கியிருந்த குண்டை வெளியே தள்ளியது. லீ சுருண்டு விழுந்தார். டாக்டர்கள் பல மணி நேரம் போராடியும் பிழைக்கவில்லை. மார்ச் 31ஆம் தேதி அவர் உயிர் பிரிந்தது.

ஒரே ஒரு கேப்பு. எவ்வளவு பெரிய விலை!

கட்டாய விதிகள்

தோட்டா நிரப்புவோர் பின்பற்றும் விதிகள் இவை:

மேசை மீது ஒரே வகை மருந்துதான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அதை அதன் டப்பாவிலேயே கொட்டி மூட வேண்டும்.

மருந்து அளவை அச்சிட்ட புத்தகத்தில் பார்க்க வேண்டும். நண்பர் வாய்மொழியாகச் சொன்ன அளவை நம்பக்கூடாது. புத்தகம் காட்டும் குறைந்த அளவில் இருந்தே தொடங்க வேண்டும். தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

மருந்து போட்ட கூடுகளை வரிசையாகத் தட்டில் நிறுத்தி, விளக்கொளியில் ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டமாக இருக்க வேண்டும். பார்த்த பிறகே குண்டைச் செருக வேண்டும்.

சிகரெட், அரட்டை, டெலிவிஷன் எதுவும் அருகில் கூடாது. கவனம் கலைந்தால், எந்தக் கூட்டில் விட்டோம் என்று ஊகிக்கக்கூடாது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

ஈயம் நஞ்சு. குழந்தைகளுக்கு அது மிகக் கொடியது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சாப்பிடும் மேசையில் இந்த வேலையே கூடாது.

வீட்டில் நிரப்பிய தோட்டா பயிற்சிக்கு மட்டும். உயிரைக் காக்க என்று எடுத்துச் செல்லும் ரிவால்வரில், தொழிற்சாலையில் செய்த தோட்டாவே நல்லது என்பது பெரும்பாலான வல்லுநர்களின் கருத்து. அதிலும் ஒரு பெட்டியாவது அதே துப்பாக்கியில் சுட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

இவை அமெரிக்காவில் உரிமை பெற்றவர்களுக்கு உரிய விதிகள். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதும் தயாரிப்பதும் குற்றம். எங்காவது தோட்டா கிடந்து குழந்தைகள் கண்டால், தட்டிப் பார்க்கவோ நெருப்பில் போடவோ விடக்கூடாது. தொடாமல் போலீசாருக்குச் சொல்ல வேண்டும்.

நியூயார்க் நகரப் போலீசில் ரிவால்வர் காலம் 2018ஆம் ஆண்டோடு முடிந்தது. அதற்கு முன்பே மற்ற ஊர்களிலும் போலீசார் பெரும்பாலும் பிஸ்டலுக்கு மாறிவிட்டார்கள். ஆனாலும் குட்டை ரிவால்வர்கள் இன்றும் அமெரிக்காவில் விற்பனை ஆகின்றன. வாங்குபவர்கள் பளபளப்பையும் கைப்பிடியையும் நெடுநேரம் பார்க்கிறார்கள். உயிரைக் காப்பதும் வாங்குவதும் உள்ளே போடும் ஐந்து தோட்டாக்கள்தான். அவற்றைத் தேர்ந்தெடுக்கவும் அதே நேரத்தைச் செலவிட வேண்டும்.